தலையணை ரேடியோ

சலேத்மேரிக்குத் தொண்டையில் கழலை ஆப்பரேஷன் ஆன பிறகு வந்த குரலைக் கேட்டால் காக்கா கூடத் திரும்பிப் பார்க்கும். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். கோயிலில் பாட்டுப் பாடுவதை விட்டாள். மார்க்கெட்டில் பேரம் பேசுவதை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டுமென்றால் போய்க் கதவைத் தட்டினாள். அப்பேர்ப்பட்டவள் ரேடியோவில் பேசப் போகிறாள் என்றால் தெரு சிரிக்காதா? சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். ஏனென்றால் அந்த ரேடியோவில் அவள் குரல் யாருக்கும் கேட்காது.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாவது மாடியில், பழைய படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறைதான் அந்த ரேடியோ நிலையம். சம்பளம் கிடையாது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு தொண்டர்கள் வந்து பேசுவார்கள். ஒவ்வொரு நோயாளியின் தலையணைக்குள்ளும் தட்டையாக ஒரு ஸ்பீக்கர் இருந்தது. காதை வைத்துப் படுத்தால் கேட்கும், எழுந்தால் கேட்காது. அதனால் எல்லோரும் அதைத் தலையணை ரேடியோ என்றார்கள்.

முதல் நாள் பொறுப்பாளர் எப்சிபா டீச்சர் அவளை மைக் முன்னால் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார்.

"இங்க வந்து சேரும்போதே யார் குரல் வேணும்னு கேட்டுருவோம். அவங்க பேசின பழைய பேச்சு போன்ல கொஞ்சம் இருந்தாப் போதும். நீங்க பேசுறது இந்த மிசினுக்குள்ள போயி, ஒவ்வொரு தலையணையிலயும் அந்தந்த ஆளுக்கு வேண்டியவங்க குரலா வெளிய வரும். வார்த்தை உங்களுது. குரல் அவங்களுது."

"அப்போ என் குரலு?"

"அது இந்த ரூமோட சரி."

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். சலேத்துக்கு அப்பாடா என்றிருந்தது. எந்தக் குரலும் வேண்டாம் என்று சொல்லும் நோயாளிக்கு மட்டும் மிசினைத் தாண்டிப் பேசுகிறவர் குரலே நேராகப் போகும், அதற்கு ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு பித்தான் இருக்கிறது என்று டீச்சர் காட்டினார். இதுவரை அதை யாரும் கேட்டதில்லையாம்.

பிறகு சட்டங்களைச் சொன்னார். நான், நீ என்று பேசக் கூடாது. வாக்குக் கொடுக்கக் கூடாது. எதையும் கேட்கக் கூடாது. மழை வருமா, மீன் ஏலம் எப்படிப் போனது, துறைமுகத்தில் என்ன கப்பல் நிற்கிறது, ரசம் எப்படி வைப்பது, இதெல்லாம் பேசலாம். யார் யாருடைய குரலைக் கேட்டிருக்கிறார்கள் என்பது தொண்டர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நடிக்கத் தோன்றும் என்றார் டீச்சர்.

நல்ல ஏற்பாடுதான். செத்துப்போன அண்ணன் வாளை மீன் விலை சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒருவர் மருந்தில்லாமல் தூங்கினார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் தலையணையைப் பைக்குள் திணித்துக்கொண்டு போகப் பார்த்த ஒரு பெரியவரை வாசலில் வாட்ச்மேன் மடக்கிப் பிடித்தான். ஆனால் எல்லாமே சிரிப்பாக இல்லை. கனடாவில் இருக்கும் ஒரு மகன் தன் குரலை அனுப்பி வைத்துவிட்டு, தாய்க்குப் போன் போடுவதையே நிறுத்திவிட்டான். அதான் தினமும் என் குரலைக் கேக்கிறாங்கல்ல என்றானாம். அந்தத் தாயும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு நாள் லிப்டுக்குள் தொபியாஸைப் பார்த்தாள்.

தொபியாஸ் அவள் புருஷன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் தண்டலாக இருந்தார், அதாவது தோணிக்குத் தலைவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மினிக்காய் பக்கம் அடித்த புயலில் தோணி முங்கியது. இவரையும் மற்றவர்களையும் கொச்சிக் கப்பல் ஒன்று தூக்கிக் காப்பாற்றியது. கித்தேரியானும் மிக்கேலும் மட்டும் கடலோடு போனார்கள். இருவருமே அதே தெருக்காரர்கள், இவர் கூப்பிட்டு வேலைக்கு வந்தவர்கள். அந்த இரண்டு வீட்டு வாசலைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கொச்சியில் இறங்கியவர் இறங்கியவர்தான். ஊர்ப் பக்கமே வரவில்லை.

அதுவரை அவர் கடலில் இருக்கும்போதெல்லாம் சலேத்து தினமும் போனில் குரலாக ஒரு செய்தி அனுப்புவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. "சாப்ட்டியளா?" என்று ஆரம்பித்து வீட்டுக் கதை கொஞ்சம். கடைசியாக அனுப்பியது மட்டும் வேறு. யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வாங்க என்று அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அது போய்ச் சேரவில்லை. நம்பரை மாற்றிவிட்டார். தேடிக்கொண்டு போன தம்பியிடம் என்னை விட்டுருங்க என்று சொல்லி அனுப்பினார். நம்மை வேண்டாம் என்று போன மனுஷனை எத்தனை தடவை கூப்பிடுவது? அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஆனால் நினைக்காமல் இருந்தாளா என்றால், ஒரு நாளும் இல்லை.

லிப்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி பஞ்சாகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்த விதத்திலேயே கண் போய்விட்டது என்று தெரிந்தது. கையெட்டும் தூரம். முழங்கையில் அந்தப் பழைய கயிற்றுத் தழும்பு. சலேத்து வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் மாடி வந்ததும் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவள் லிப்டுக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

வார்டு நர்ஸ் வடிவு கேட்காமலேயே கதை சொல்லும் சாதி. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, இப்போது இருதயத்தில் அடைப்பு, கொச்சியிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனான், இருபத்தேழாம் படுக்கை என்று ஒப்பித்தாள். கொச்சியிலேயே செய்திருக்கலாமாம். கத்தியை வச்சா தூத்துக்குடியிலதான் வைக்கணும்னு ஒரே அடமாம். வயசும் ஆச்சு, சர்க்கரையும் இருக்கு, பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்லுதாரு என்று முடித்தாள்.

அன்று மாலை சலேத்து டீச்சரிடம் நேராகக் கேட்டாள், இருபத்தேழில் இருப்பவர் யார் குரலைக் கேட்டிருக்கிறார் என்று. டீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல என்றார். அவ்வளவுதான். சலேத்தும் காரணம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் கொச்சியில் ஒருத்தி இருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? தன் வார்த்தைகள் அவர் காதில் அந்த ஒருத்தியின் குரலில் விழுகிறதோ என்று நினைக்க நினைக்க அவளுக்கு ரசம் வைக்கும் முறையே மறந்துபோனது. புளிக்கு முன்னால் பெருங்காயம் என்று சொல்லி வைத்தாள்.

ஆப்பரேஷன் அன்று காலை அவள் முறை. முந்தின ராத்திரியே அவள் தூங்கவில்லை. மைக்கைத் திறந்ததும் வழக்கமான வணக்கத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த ஊர்க்காரி ஒருத்தி காலையில் தன் ஆளைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பாளோ அது வந்துவிட்டது.

"சாப்ட்டியளா?"

கேட்டது கேட்டதுதான். அள்ள முடியாது. உடனே மழை, காற்று என்று தாவிவிட்டாள். ஆனால் வார்டுகளில் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. நான்கு நாளாகக் கஞ்சியைத் தொடாமல் கிடந்த ஒரு பெண் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். கனடா மகனின் தாய், இல்லய்யா, நீ சாப்ட்டியாய்யா என்று தலையணையிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் வராமல் அழுதாள். வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டிய இருபத்தேழாம் படுக்கை, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சட்டினி தொட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தது.

ஆப்பரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. டாக்டர் மூன்றாம் மாடிக்கே ஏறி வந்து, மயக்கம் கொடுத்த பிறகு வாந்தி எடுத்திருந்தால் ஆளே போயிருப்பார், உங்க ரேடியோவை இழுத்து மூடிருவேன் என்று கத்திவிட்டுப் போனார். டீச்சர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்க கொஞ்ச நாள் மைக் பக்கம் வர வேண்டாம் சலேத்து என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கி வந்தவளை வடிவு பிடித்துக்கொண்டாள். "ஏன் தாத்தா சாப்ட்டியன்னு கேட்டா, என்ன சொன்னாருங்கிய? வீட்டுக்காரி வாய் தெறந்து கேட்டுட்டா, சாப்பிடலன்னு எப்படிம்மா சொல்லன்னுட்டாரு."

சலேத்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எந்த வீட்டுக்காரி? இனி மைக் இல்லை. இந்தக் காக்காத் தொண்டையோடு நேரில் போவதைத் தவிர வழியில்லை. நாளைக்குள் கேட்காவிட்டால் ஒருவேளை என்றைக்குமே கேட்க முடியாது.

மாலையில் பார்வையாளர்களை விட்ட நேரம் அவள் போனாள். அவர் சுவரைப் பார்க்க ஒருக்களித்துப் படுத்து, காதைத் தலையணையில் அழுத்தி வைத்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அப்போது மேலே பேசிக்கொண்டிருந்தது ஆத்தியப்பன் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்தவர், இன்றைக்கும் பஸ் நேரம் வாசிப்பதென்றால் உயிர்.

"நான்…" என்றாள். கரகரவென்று பாதிதான் வந்தது.

"யாரு, ஆயாம்மாவா? கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமலே. "சலேத்து பேசிட்டு இருக்கா."

பேர் சொன்னார். அவள் பேரையே சொன்னார். கொச்சியில் ஒருத்தியும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அவள் இங்கே நிற்க, அவர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போகாமல் நிற்பது தெரிந்து அவருக்கே பேச ஆசை வந்துவிட்டது. "என் வீட்டுக்காரி குரல நீங்க கேட்டதில்லையே. வாங்க, வந்து காத வையுங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் குனிந்தாள். அவர் தலை வைத்திருந்த குழி இன்னும் சூடாக இருந்தது. அதற்குள்ளிருந்து, தொண்டை ஆப்பரேஷனுக்கு முன்னால், அழுது அழுது தேய்வதற்கு முன்னால் இருந்த அவள் குரல், கோயிலில் முதல் வரிசையில் நின்று பாடிய அதே குரல், திருச்செந்தூருக்கு அடுத்த பஸ் எப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வயதில் தன்மேலேயே ஒருத்திக்குப் பொறாமை வருமா? வந்தது.

"எப்படி?" என்றார்.

நல்லாருக்கு என்று தலையாட்டினாள். அவருக்குத் தெரியாதே என்று ஞாபகம் வந்து, "ம்," என்றாள்.

"மிசின்னு தெரியும்மா. நான் ஒண்ணும் கிறுக்கன் இல்ல. அவ அனுப்பின பேச்சையெல்லாம் கடல்ல நனையாமக் காப்பாத்தின போன்ல வச்சிருந்தேன், அதுல இருந்துதான் எடுத்தாங்க. ஆனா இன்னைக்குக் காலையில சாப்ட்டியளான்னு கேட்டா பாருங்க. அது மிசின் கேக்குற கேள்வி இல்ல." தலையணையைத் தடவிக்கொடுத்தார். "உங்களுக்கு ரேடியோக்காரங்களத் தெரியுமா? நாளைக்கு என்னய உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பேசச் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிருதேன்."

நான்தான் சலேத்து என்று சொல்லியிருக்கலாம். யார் நம்புவது? காதுக்குப் பக்கத்தில் நிஜக் குரலை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், கிண்டல் பண்ணுகிறாள் ஆயாம்மா என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? சொல்லுதேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

டீச்சரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. லிப்டிலிருந்து தலையணை வரை எல்லாவற்றையும் கொட்டினாள். இருபத்தேழுக்கு மட்டும், கொஞ்ச நேரம், அந்தப் பழைய குரலில் பேச விடுங்க என்று கேட்டாள். டீச்சர் ஆத்தியப்பனை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

"அந்தக் குரல்ல போயி வந்திருக்கேன்னு சொன்னா அவரு நம்புவாரு சலேத்து. ஆனா அவரு நம்புறது யார?"

"அவளையே நம்பட்டும் டீச்சர். எனக்காக அவ பேசட்டும். என்னய விட அவளுக்குத்தான் அங்க மரியாதை."

டீச்சர் பலகையில் எதையோ தட்டினார், இருபத்தேழாம் படுக்கைக்கான பச்சை விளக்கு மட்டும் மிஞ்சியது. சலேத்து மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பழகிய பழக்கத்தில் செய்தி வாசிப்பது போலவே தொடங்கினாள்.

"கொச்சியில இருந்து வந்தவுகளுக்கு ஊர்ச் செய்தி. கித்தேரியான் மகன் துறைமுகத்துல கிரேன் ஓட்டுதான். ரெண்டு பிள்ளைக. மிக்கேல் மகள நர்சுக்குப் படிக்க வச்சாச்சு. மிக்கேல் பெஞ்சாதி உங்கள ஒரு நாளும் ஏசினதில்ல. எங்க இருக்காருன்னுதான் கேக்கும். தோணிக்கு அடிச்சு மிஞ்சின நீலப் பெயிண்ட நம்ம வீட்டுக் கதவுக்கு அடிச்சியள்ல, அதே கலர்தான் இன்னும் அடிக்கேன். மாத்தினா உங்களுக்கு வீடு தெரியாமப் போயிருமேன்னு." மூச்சு வாங்கினாள். "யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வாங்கன்னு அப்பவே சொன்னேன். உங்களுக்கு வந்து சேரல. இப்பச் சொல்லுதேன், வாங்க. இன்னொண்ணு. எனக்குத் தொண்டையில கத்தி வச்சு, குரல் போயிட்டு. நாளைக்கு நீங்க முழிக்கும்போது கரகரன்னு ஒருத்தி வந்து நிப்பா. ஆயாம்மான்னு வெரட்டிராதிய. அது நாந்தான்."

டீச்சர் விளக்கை அணைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆப்பரேஷன் நீண்டது. பிழைத்தார். ஆனால் அன்று முழுக்க முழிக்கவில்லை, மறுநாள்தான் கையை அசைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பச்சை அங்கியை மாட்டி, ஒரே நிமிஷம்தான் அக்கா என்று வடிவு அவளை உள்ளே விட்டாள். அங்கே தலையணை ரேடியோ கிடையாது. கருவிகளின் சத்தம்தான். சலேத்து கட்டிலோரம் போய் நின்றாள். தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தாள். என்ன செருமினாலும் அதே தொண்டைதானே.

"யாரு?" என்றார்.

"நாந்தான்."

அவர் காதை அவள் பக்கம் திருப்பினார். போய்விடலாமா என்று கூட நினைத்தாள்.

"நெசமாவே இதான் குரலா?" என்றார் மெல்ல. "ரேடியோல கேட்டப்ப மிசின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"ரேடியோலயா?"

"அன்னைக்கு ஊர்ச் செய்தி சொன்னியே. இதே கரகரப்புதான். ஆயாம்மா விளையாடுதான்னு தலையணையத் தூக்கி எறியப் போனேன். அப்புறம் கதவுக்கு அடிச்ச நீலப் பெயிண்டச் சொன்ன."

யாரும் கேட்டதே இல்லை என்று டீச்சர் சொன்ன அந்தப் பித்தான் அப்போதுதான் சலேத்துக்கு ஞாபகம் வந்தது. எப்சிபா டீச்சர், எதையும் இரண்டு முறை சொல்லாத மனுஷி, இதை ஒரு முறை கூடச் சொல்லவில்லை.

"அந்தப் பழைய குரல்தான உங்களுக்கு வேணும்," என்றாள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டாள்.

"வேணும்," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. "இப்பவும் ஏக்கமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன செய்ய? நான் பதில் சொன்னா அவளுக்குக் கேக்க மாட்டேங்குது."

கையைத் துழாவி நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். வடிவு கதவுக் கண்ணாடியைத் தட்டி, நேரமாச்சு என்று சாடை காட்டினாள்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல."

"போயிச் சாப்ட்டுட்டு வா."

சலேத்து கீழே கேண்டீனுக்குப் போய் இரண்டு இட்லி வாங்கினாள். சட்டினி தீர்ந்துபோய்விட்டது, சாம்பார்தான் இருக்கு என்றான் பரிமாறுகிறவன். பரவாயில்லை, ஊற்று என்று சத்தமாகவே சொன்னாள்.